ஐக்யூஏசி பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால்

கல்லூரியில் ஐக்யூஏசி, அதாவது உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக யாரைப் போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எக்செல் ஓரளவு கைவந்தவர், கூப்பிட்டால் வருபவர், முதல்வர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லத் தயங்குபவர். வகுப்பு நேரம் ஒன்றும் குறையாது. தனியாக அலவன்ஸ் வராது. கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் தேசிய அமைப்பான நாக்கின் குழு வரும் வருடம் மட்டும் கல்லூரி முழுக்க உங்களையே தேடும்.

நான் ஓர் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் எடுக்கிறேன். இந்தப் பொறுப்பில் இருந்து இரண்டு சுற்று மதிப்பீட்டைப் பார்த்தாயிற்று. மற்ற கல்லூரிகளில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் போன் செய்து கேட்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியை மனதில் வைத்துச் சொல்வது இது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் மதிப்பெண் பங்கீடு வேறு. அதற்கென்று தனிக் கையேடு இருக்கிறது.

இந்த வேலை எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் எரிச்சலில் பாதி குறையும். உயர்கல்வியின் தரத்தைப் பார்க்கத் தனி அமைப்பு வேண்டும் என்ற பேச்சு 1986 தேசியக் கல்விக் கொள்கையிலும் அதையொட்டி வந்த 1992 செயல்திட்டத்திலும் உறுதிப்பட்டது. 1994-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் கீழ் தன்னாட்சி அமைப்பாகப் பெங்களூரில் நாக் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு கல்லூரியின் தரம் என்றால், இணைப்பு கொடுக்க வரும் பல்கலைக்கழகக் கமிஷன் கட்டடத்தையும் லேபையும் நூலகத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான். உள்ளே பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்க ஆள் இல்லை.

ஐஷி எனப்படும் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்கள், 45,473 கல்லூரிகள், ஏறத்தாழ 4.33 கோடி மாணவர்கள். 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களை வைத்துக் கணக்கிடும் மொத்தச் சேர்க்கை விகிதம் தேசிய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இந்தியா 2035-க்குள் 50-ஐத் தொட வேண்டும் என்பது 2020 தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. நம் மாநிலம் ஏற்கெனவே அதன் பக்கத்தில் நிற்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். பிள்ளைகளை வாசல் தாண்டி உள்ளே கொண்டுவரும் வேலையை மாநிலம் பெருமளவு செய்துவிட்டது. வந்தவர்கள் மூன்று வருடத்தில் என்ன கற்றுக்கொண்டு போகிறார்கள் என்று கணக்கு வைக்க வேண்டியது கல்லூரி. ஐக்யூஏசி என்ற ஏற்பாடு அதற்குத்தான்.

கையேட்டில் எங்கே தொடங்குவது

நாக் இணையதளத்தில் உங்கள் கல்லூரி வகைக்கான கையேட்டை இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கல்லூரிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழைய பிடிஎஃப் வேண்டாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2017 ஜூலையில் முறை முழுவதும் திருத்தப்பட்டது. இஸ்ரோ முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, எழுத்து கிரேடுகளை எடுத்துவிட்டு 'அங்கீகாரம் உண்டு, இல்லை' என்ற இருநிலை முறையும், அதற்குமேல் ஐந்து படிநிலைகளும் கொண்டுவரப் போவதாக 2024 ஜனவரியில் நாக் அறிவித்தது. எந்த முறையில் விண்ணப்பித்தாலும் கேட்கப்படும் சான்றுகள் ஏறத்தாழ ஒரே ரகம்தான். அதனால் புது முறை வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

2017 முறையில் ஏழு கிரைட்டீரியா, அதாவது மதிப்பீட்டுத் தலைப்புகள், இருக்கும்: பாடத்திட்டம், கற்பித்தல்-கற்றல்-மதிப்பீடு, ஆராய்ச்சியும் விரிவாக்கப் பணியும், உள்கட்டமைப்பு, மாணவர் ஆதரவும் முன்னேற்றமும், நிர்வாகம், விழுமியங்களும் சிறந்த நடைமுறைகளும். மொத்தம் 1000 மதிப்பெண். இணைப்புக் கல்லூரிக்கு இதில் இரண்டாவது கிரைட்டீரியாவுக்கு மட்டும் 350. சேர்க்கை, ஆசிரியர்-மாணவர் விகிதம், ஆசிரியர் தகுதி, தேர்ச்சி விகிதம், மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு எல்லாம் அதற்குள் வருகின்றன. பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் போட்டுத் தருவதால் முதல் கிரைட்டீரியாவுக்கு 100-தான். வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதில்தான் இணைப்புக் கல்லூரிக்கு முழுப் பிடிப்பும் இருக்கிறது. மதிப்பெண்ணும் அங்கேதான் குவிந்திருக்கிறது.

பெரும்பாலான கல்லூரிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. மூலிகைத் தோட்டம், சோலார் பேனல், அவசர அவசரமாகப் போட்ட பத்து புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் என்று ஏழிலும் மூன்றிலும் உழைப்பைக் கொட்டிவிட்டு, வகுப்பு சம்பந்தமான கணக்கைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுகிறார்கள். மரம் நடுவது நல்ல காரியம், நட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் முதல் ஆறு மாதம் இரண்டாவது கிரைட்டீரியாவுக்கு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2017 முறைப்படி மதிப்பெண்ணில் ஏறத்தாழ 70 சதவீதம் நீங்கள் ஏற்றும் எண்களில் இருந்து கணினியே போடுவது. குழு நேரில் வந்து பார்த்துப் போடுவது மீதி 30. வாசலில் கோலம் போட்டுக் குழுவை வரவேற்கும் நாளுக்கு முன்பே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

ஒவ்வொரு தாளுக்கும் கேட்க வேண்டிய கேள்வி

ஐக்யூஏசி அறையில் அலமாரி நிறைய ஃபைல் இருக்கும். எதை எடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தாளால் எங்கே, என்ன மாறியது? பதில் இல்லாத தாள் எத்தனை அழகாக பைண்டு செய்யப்பட்டிருந்தாலும் சுமைதான்.

மாணவர் ஃபீட்பேக்கையே எடுத்துக்கொள்வோம். எல்லாக் கல்லூரியும் கூகுள் ஃபார்ம் அனுப்புகிறது, பை சார்ட் போடுகிறது, '87 சதவீதம் பேர் மிக நன்று என்றனர்' என்று எழுதி முடித்துவிடுகிறது. கையேடு கேட்பது அதோடு நிற்பதில்லை. வாங்கினீர்களா, அலசினீர்களா, நடவடிக்கை எடுத்தீர்களா, அதை உரியவர்களுக்குச் சொன்னீர்களா, இணையதளத்தில் போட்டீர்களா என்று படிப்படியாகக் கேட்கிறது.

ஒரு மாதிரிச் சங்கிலி சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் பிள்ளைகள் ஆகஸ்ட் ஃபீட்பேக்கில், லேபில் இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம்தான் கிடைக்கிறது என்று எழுதுகிறார்கள். துறைக் கூட்டத்தில் அது பேசப்பட்டு மினிட்ஸில் ஏறுகிறது. வேலை செய்யாத சிஸ்டம் எத்தனை என்ற பட்டியல் இணைக்கப்படுகிறது. அடுத்த ஐக்யூஏசி கூட்டத்தில் முதல்வர் ஒப்புதல். பிறகு கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், ஸ்டாக் ரிஜிஸ்டரில் பதிவு. ஜனவரியில் திருத்திய லேப் டைம்டேபிள். அடுத்த ஆகஸ்ட் ஃபீட்பேக்கில் அந்தப் புகார் இருக்கிறதா, போய்விட்டதா? இத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு ஆக்‌ஷன் டேக்கன் ரிப்போர்ட். இப்படி வருடத்துக்கு மூன்று சங்கிலி முழுசாக இருந்தால், முப்பது பை சார்ட்டைவிட அது மேல்.

இங்கே தேதிதான் காட்டிக்கொடுக்கும். செப்டம்பரில் வாங்கிய ஃபீட்பேக்குக்கு ஜூலையிலேயே நடவடிக்கை எடுத்ததாக ரிப்போர்ட் இருந்தால் சரிபார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஐந்து வருட மினிட்ஸ் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியதுபோல இருந்தால் யாரும் சொல்லித் தர வேண்டாம். 2023-இல் அச்சடித்த ரிஜிஸ்டரில் 2019 கூட்டத்தின் மினிட்ஸை எழுதி வைக்கும் கல்லூரிகளும் உண்டு. கூட்டம் நடந்த அன்றே அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். ஐக்யூஏசி காலாண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அதில் நிர்வாகத் தரப்பு, முன்னாள் மாணவர், மாணவர், உள்ளூர்ப் பிரமுகர், வேலை கொடுப்பவர்கள் தரப்பில் ஒருவர் இருக்க வேண்டும். வெளியாட்கள் வருவதில்லை என்று எல்லோரும் புலம்புவார்கள். தேதியை வருட ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். வருவார்கள்.

சிஓ கணக்கு: ஒரு பாடத்தை வைத்துப் பார்ப்போம்

கோர்ஸ் அவுட்கம் (சிஓ, ஒரு பாடத்தை முடிக்கும் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது), புரோகிராம் அவுட்கம் (முழுப் பட்டப்படிப்புக்கும் அதேபோல) என்றதும் ஸ்டாஃப் ரூமில் பெருமூச்சு கேட்கும். சாஃப்ட்வேர் வாங்கினால் எல்லாக் கட்டத்திலும் 3 போட்டுக் கொடுத்துவிடும். அப்படி வரும் தாளை யாரும் நம்புவதில்லை. கணக்கிட்ட ஆசிரியரே நம்புவதில்லை. கையாலேயே ஒரு பாடத்துக்குச் செய்து பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

பி.காம் காஸ்ட் அக்கவுண்டிங். ஐந்து யூனிட், ஐந்து சிஓ. வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்னல் தேர்வு வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அது எந்த சிஓ என்று குறித்துவிடுங்கள். விடைத்தாள் திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், சிஓ வாரியாக எக்செல்லில் ஏற்றுங்கள். ஒரு சிஓவுக்கான மதிப்பெண்ணில் பாதியாவது எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 70 சதவீதம் பேரும் அதற்கு மேலும் என்றால் லெவல் 3, 60-க்கு மேல் 2, 50-க்கு மேல் 1, அதற்குக் கீழே பூஜ்யம் என்று துறை முன்கூட்டியே முடிவு செய்து மினிட்ஸில் எழுதியிருக்க வேண்டும். தேர்வு முடிந்த பிறகு வரம்பை இறக்கக் கூடாது.

ஸ்டோர்ஸ் லெட்ஜர் கேட்ட சிஓவில் 60-க்கு 48 பேர் தேறியிருக்கிறார்கள் என்றால் 80 சதவீதம், லெவல் 3. ப்ராசஸ் காஸ்டிங் கேட்ட சிஓவில் 27 பேர்தான் என்றால் 45 சதவீதம், பூஜ்யம். இப்போது விடைத்தாள்களை மறுபடி எடுங்கள். எங்கே சறுக்கியிருக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரே இடமாக இருக்கும். நார்மல் லாஸை ஸ்கிராப் விலையில் போட வேண்டும். அப்நார்மல் லாஸை நல்ல உற்பத்தியின் அடக்க விலையில் போட வேண்டும். பிள்ளைகள் இரண்டையும் ஸ்கிராப் விலையிலேயே போட்டிருப்பார்கள். அடுத்த வாரம் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் இரண்டு டுடோரியல், ஒரு சின்ன மறுதேர்வு. மறுதேர்வில் 38 பேர் வந்தால் 63 சதவீதம், லெவல் 2. பூஜ்யத்தில் இருந்து 2-க்குப் போன அந்தத் தாள், நடுவில் நடந்த டுடோரியல் அட்டெண்டன்ஸ், மறுதேர்வு வினாத்தாள் மூன்றையும் கோர்ஸ் ஃபைலில் வையுங்கள். குழு உறுப்பினர் ஒருவர் துறைக்கு வந்து 'உங்கள் அவுட்கம் கணக்கால் என்ன பயன்?' என்று கேட்டால் நீட்ட வேண்டியது இதை.

இணைப்புக் கல்லூரிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. செமஸ்டர் தேர்வில் பல்கலைக்கழகம் மொத்த மதிப்பெண்ணைத்தான் தரும். எந்தக் கேள்வியில் எத்தனை என்று தராது. அதனால் 75 மதிப்பெண் பகுதியை எல்லா சிஓவுக்கும் பொதுவாகத்தான் போட முடியும். சிஓ வாரியான வேறுபாடு உங்கள் 25 மதிப்பெண் இன்டர்னலில் மட்டும்தான் தெரியும். இதைக் கணக்கிடும் முறையை விளக்கும் பக்கத்தில் வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். இன்டர்னலில் வகுப்பு முழுக்க 23, 24 என்று வாரிவிட்டு, செமஸ்டர் தேர்ச்சி 50 சதவீதத்தில் நின்றால் அந்த முரணை மறைக்க முடியாது. இன்டர்னலைக் கொஞ்சம் கெட்டியாகப் போடச் சொல்லித் துறைத் தலைவர்களிடம் பேச வேண்டும். கசப்பான பேச்சுதான், ஆனாலும் தவிர்க்க முடியாது.

ஆதாரத்தை அன்றன்றே எடுத்து வைப்பது

ஐந்து வருட நிகழ்ச்சிகளுக்கும் ஐந்தாம் வருடம் போட்டோ தேடுவதுதான் இந்த வேலையின் நரகம். அதற்கு வழி ஒன்றுதான். கல்லூரி கூகுள் டிரைவில் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மெட்ரிக் (கிரைட்டீரியாவுக்குள் தனித்தனியாக மதிப்பெண் உள்ள அளவீடு) எண்படி உள் ஃபோல்டர். ஃபைல் பெயரைத் தேதியில் தொடங்குங்கள். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். 'ஃபங்ஷன் ஃபைனல் நியூ 2' என்று யாராவது ஏற்றினால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு தாள் போதும்: சர்குலர், ஒரு பக்க அறிக்கை, கையெழுத்தோடு கலந்துகொண்டவர் பட்டியல், தேதியும் இடமும் தெரியும் ஜியோடேக் போட்டோ. நான் முதல்வன் பயிற்சியானாலும் சரி, என்எஸ்எஸ் முகாமானாலும் சரி, இதே நான்குதான். நிகழ்ச்சி நடத்தியவர் இவற்றை ஏற்றிய பிறகுதான் செலவுத் தொகைக்கு முதல்வர் கையெழுத்து என்று ஒரு நடைமுறை கொண்டுவாருங்கள். இதைவிட வேகமாக வேலை நடக்கும் வழியை நான் பார்த்ததில்லை.

தமிழில் இருக்கும் சர்குலர், நாளிதழ்ச் செய்தி, கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் கொடுத்த பாராட்டுக் கடிதம் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் முதல்வர் சான்றொப்பமும் வேண்டும். சரிபார்ப்பவர் எந்த மாநிலத்தவரோ, அவருக்குத் தமிழ் தெரியாது. இதைக் கடைசியில் மொத்தமாகச் செய்யப்போனால் ஆங்கிலத் துறை உங்களோடு பேச்சை நிறுத்திவிடும். வரும்போதே இரண்டு வரியில் மொழிபெயர்த்துக் கீழே ஒட்டிவிடுங்கள்.

படித்து முடித்துப் போனவர்கள் மேல்படிப்புக்குப் போனார்களா, வேலைக்குப் போனார்களா என்பது ஐந்தாவது கிரைட்டீரியாவில் நல்ல மதிப்பெண் தரும் இடம். எல்லாக் கல்லூரியும் கோட்டை விடுவதும் இங்கேதான். பிள்ளை வாசலைத் தாண்டிய பிறகு சிம் கார்டை மாற்றிவிடும், பிடிக்க முடியாது. ஆனால் எந்தப் பிள்ளையும் டிசி வாங்க வந்தே ஆக வேண்டும். பிறகு பட்டச் சான்றிதழ் வாங்க இன்னொரு முறை வரும். அந்த இரண்டு நாளிலும் ஆபீஸ் கவுண்டரில் ஒரு பக்கப் படிவம் வைத்துவிடுங்கள்: இப்போது என்ன செய்கிறாய், எங்கே, அம்மா அல்லது அப்பா போன் எண். எம்.காம் சேர்ந்திருந்தால் அந்தக் கல்லூரி அடையாள அட்டையை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போயிருந்தால் ஆஃபர் லெட்டர். ஜவுளிக்கடை பில்லிங்கில் நிற்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஆதாரம் இல்லாவிட்டால் மதிப்பெண் வராது, ஆனால் துறைக்கு அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைத் தலைவர்களைவிட உங்களுக்கு முக்கியமானவர் அலுவலகக் கண்காணிப்பாளர். உதவித்தொகை பெற்றவர் பட்டியல், சேர்க்கைப் பதிவேடு, தணிக்கை செய்த வரவு செலவு, நியமன ஆணைகள் எல்லாம் அவரிடம்தான் இருக்கும். ஐக்யூஏசி கூட்டத்துக்கு அவரையும் உறுப்பினராகக் கூப்பிட்டு, மேஜையில் சரியான இடம் கொடுங்கள். பல கல்லூரிகளில் ஆபீஸ்காரர்களை 'அந்த லிஸ்ட் கொடுங்க' என்று கேட்பதோடு சரி. பிறகு லிஸ்ட் வரவில்லை என்று குறைப்படுவார்கள்.

உதவி பெறும் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதும், நிர்வாகம் சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்களை வைத்து வகுப்பு ஓடுவதும் நாடறிந்த விஷயம். இதை மறைக்கப் பார்த்து, பகுதி நேரத்தாரை முழு நேரம் என்று காட்டினால் நியமன ஆணையும் சம்பளப் பட்டியலும் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, நிரம்பியது எத்தனை என்று உள்ளபடி கொடுத்துவிட்டு, நெட், செட் தகுதித் தேர்வுகளோ முனைவர் பட்டமோ முடிக்காதவர்கள் அதை முடிக்க உங்கள் கல்லூரி என்ன செய்கிறது என்று காட்டுங்கள். இரண்டாம் ஷிப்டு சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களை இந்த வேலைகளில் சேர்க்கும்போது அவர்கள் பெயரையும் குழுப் பட்டியலில் போடுங்கள். உழைப்பு அவர்களுடையது, பெயர் மட்டும் முதல் ஷிப்டுக்கு என்ற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தரத்துக்கு ஆகாது.

ஏக்யூஏஆர், அதாவது நாக்குக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் தர அறிக்கையை அனுப்பக் கடைசித் தேதி பொதுவாக டிசம்பர் 31. அதைக் கடமைக்கு நிரப்பாதீர்கள். ஐந்து ஏக்யூஏஆர் ஒழுங்காக இருந்தால், மதிப்பீட்டுக்காகக் கல்லூரி தன்னைப் பற்றித் தரும் சுய ஆய்வு அறிக்கையான எஸ்எஸ்ஆரில் பாதி ஏற்கெனவே எழுதியாயிற்று. மாறாக, ஏக்யூஏஆரில் ஒரு எண்ணும் எஸ்எஸ்ஆரில் வேறு எண்ணும் இருந்தால் இரண்டுமே போகும். ஐஷிக்குக் கொடுக்கும் எண்ணும் அப்படித்தான். மாணவர் எண்ணிக்கையை மூன்று இடத்திலும் ஒரே ஆள், ஒரே தாளைப் பார்த்து ஏற்றட்டும்.

விண்ணப்பித்த பிறகு

2017 முறையில், ஐஐக்யூஏ எனப்படும் முதல்கட்ட விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளில் இருந்து எஸ்எஸ்ஆர் ஏற்ற 45 நாள். அந்த 45 நாளில் புதிதாக எழுத உட்கார்ந்தால் தூக்கம் போய்விடும். முழு வரைவும் கையில் வைத்துக்கொண்டுதான் ஐஐக்யூஏ பொத்தானையே அழுத்த வேண்டும். எழுத்து வடிவ பதில்களுக்குச் சொல் வரம்பு உண்டு. 'மாணவர்களின் முழுமையான ஆளுமை வளர்ச்சிக்காக அயராது பாடுபடுகிறோம்' போன்ற வாக்கியங்களை வெட்டினாலே இடம் கிடைத்துவிடும்.

அடுத்து மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு. நீங்கள் கொடுக்கும் மின்னஞ்சல் பட்டியலை வைத்து நாக் நேரடியாக மாணவர்களுக்கு அனுப்பும். கல்லூரி மாணவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது பதில் தர வேண்டும். பாதிப் பிள்ளைகளின் மின்னஞ்சல் அண்ணன் போனில் இருக்கும், அல்லது பாஸ்வேர்டு மறந்திருக்கும். சேர்க்கையின்போதே கல்லூரி டொமைனில் மின்னஞ்சல் கொடுத்து, மதிப்பெண், சர்குலர் எல்லாம் அதில்தான் வரும் என்று பழக்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. முதல் கேள்வியே, வகுப்பில் சிலபஸ் எவ்வளவு முடிக்கப்பட்டது என்பதுதான். என்ன பதில் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்காதீர்கள். அவர்கள் வெளியே போய்ச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். கேள்விப் பட்டியலை மட்டும் முதலாண்டிலேயே ஆசிரியர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். சிலபஸை முடிக்கத்தான் அது.

டிவிவி, அதாவது நீங்கள் ஏற்றிய தரவுகளைச் சரிபார்க்கும் கட்டத்தில் கேள்விகள் வந்தால் பதில் சொல்ல 15 நாள். தீபாவளி விடுமுறை, செமஸ்டர் தேர்வு என்றெல்லாம் அது பார்க்காது. கேட்டதற்கு மட்டும் பதில் கொடுங்கள். ஒரு எண்ணுக்கு 200 பக்கம் இணைத்தால் சரிபார்ப்பவர் முதல் பத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். எண்ணைக் குறைத்துப் போட்டாலும் எதிர்த்து வாதாட வேண்டிய இடம் எது, விட்டுவிட வேண்டிய இடம் எது என்று மெட்ரிக்கின் எடையைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

குழு வரும் நாட்கள்

சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மாணவியர் அறையில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் வேலை செய்கிறதா, சாய்தளத்தின் முடிவில் கதவு பூட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குழு மாணவர்கள், பெற்றோர், முன்னாள் மாணவர்களைத் தனித்தனியாகச் சந்திக்கும். மேடைப் பேச்சாளர்களைப் பொறுக்கி உட்கார வைக்காதீர்கள். அரியர் வைத்துப் பிறகு தேறிய பிள்ளை, நூலகத்தில் நாளெல்லாம் கிடக்கும் பிள்ளை, மூன்று பஸ் மாறி வரும் பிள்ளை என்று கலந்து உட்காரட்டும்.

நூலகத்தில் புத்தக எண்ணிக்கையோடு நிற்க மாட்டார்கள். மின்னிதழ்களும் மின்நூல்களும் தரும் என்-லிஸ்ட் சந்தா இருக்கிறதே, எத்தனை ஆசிரியர் லாகின் செய்தார்கள் என்று கேட்பார்கள். சந்தா கட்டிவிட்டு யாரும் திறக்காத கல்லூரிகள் ஏராளம். மாதம் ஒரு முறை பயன்பாட்டு அறிக்கையை நூலகரிடம் வாங்கித் துறைக் கூட்டத்தில் காட்டுங்கள், எண் தானாக ஏறும்.

குறைதீர்ப்புக் குழு, உள்ளகப் புகார்க் குழு, ராகிங் தடுப்புக் குழு ஃபைல்களில் ஐந்து வருடமும் 'புகார் எதுவும் இல்லை' என்று இருந்தால் அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பஸ் தாமதம், தண்ணீர், மதிப்பெண் பதிவில் பிழை என்று ஒரு புகார்கூட வரவில்லை என்றால், புகார் சொல்லும் வழி யாருக்கும் தெரியவில்லை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். வந்த புகாரையும் எத்தனை நாளில் முடித்தீர்கள் என்பதையும் பெயர் மறைத்துக் காட்டுங்கள்.

பரிசு, பட்டுச் சால்வைக்குள் கவர், கோயில் தரிசன ஏற்பாடு எதுவும் வேண்டாம். நிர்வாகத்தில் யாராவது 'எல்லா இடத்திலும் செய்வதுதானே' என்று ஆரம்பித்தால், 2025 பிப்ரவரியில் கிரேடுக்கு லஞ்சம் என்ற புகாரில் ஒரு நாக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள் உள்பட 10 பேரை சிபிஐ கைது செய்ததை எடுத்துச் சொல்லுங்கள். அதற்குமேல் வாதாட வேண்டியிருக்காது. சாப்பாடு கல்லூரி கேன்டீனிலேயே போதும்.

கிரேடு வந்ததும் ஃபிளெக்ஸ் வைப்பார்கள், வைக்கட்டும். எழுத்து கிரேடு முறையில், நான்குக்கு 3.01-இல் இருந்து 3.25 வரை ஏ, 2.76-இல் இருந்து 3.00 வரை பி டபுள் பிளஸ். நடுவில் இருப்பது ஒரு நூலிழை. அந்த நூலிழைக்காக அழுபவர்களையும் ஆடுபவர்களையும் விட்டுவிட்டு, குழு அறிக்கையின் கடைசியில் இருக்கும் பரிந்துரைகளைத் தனியாக எடுத்து ஒரு அட்டவணை போடுங்கள்: எது, யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள். அடுத்த ஐக்யூஏசி கூட்டத்தின் முதல் பொருள் அதுவாக இருக்கட்டும். அடுத்த சுற்றில் வரும் குழு கையில் எடுக்கும் முதல் தாள் பழைய குழுவின் இந்தப் பரிந்துரைப் பட்டியல்தான். அங்கீகாரம் ஐந்து வருடத்துக்கு என்பதால் அதுவரை காலம் இருக்கிறது என்று தோன்றும். முதல் ஏக்யூஏஆர் அடுத்த டிசம்பரிலேயே வந்துவிடும்.

பொறுப்பை ஒருநாள் வேறொருவரிடம் கொடுப்பீர்கள். அதற்கு முன் நாக், ஐஷி, என்ஐஆர்எஃப் (தேசியத் தரவரிசை) போர்ட்டல்களில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் கல்லூரி எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். ஓய்வு பெற்றுப் போன ஒருங்கிணைப்பாளரின் போனுக்கு ஓடிபி போய்க்கொண்டிருப்பதும், கடைசித் தேதி இரவில் அவரை எழுப்பி எண் கேட்பதும் பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. டிரைவ் ஃபோல்டரின் உரிமையையும் கல்லூரிக் கணக்குக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டுகளை உறையில் போட்டு முதல்வர் பீரோவில் வைத்துவிட்டு, வைத்ததற்கு ஒரு வரி மினிட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள்.